அதிக உதிரப்போக்கும் மாத்திரையும்: கேட்டுத் தெளிந்து உண்போம்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



பெண்களின் மாதவிடாயைப் பற்றி ஓர் ஆண் மேடையில் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும், ஃபிக்ஹு பாடத்தில் ஹைள், நிஃபாஸ், இஸ்திஹாளா என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. மீசை அரும்பும் வயதிலேயே அதை உஸ்தாதிடம் ஓதிவிடுகிறோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே வந்து, தமக்கு இரத்தம் நிற்காமல் போகிறது, தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, ஒரு நாளத்திலிருந்து வருவது என்ற விளக்கம் கிடைத்தது. வழக்கமான நாட்கள் கழிந்ததும் சுத்தம் செய்துகொண்டு தொழ வேண்டும் என்ற சட்டமும் கிடைத்தது. அவர்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் தெளிவு நமக்கு எப்படி வந்திருக்கும்?

நம் வீடுகளில் நடப்பது வேறு. நமக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில், இரத்தம் ஏற்ற வேண்டும் என்று வரும் பெண்கள் பலரிடம் விசாரித்தால் கதை ஒன்றாகவே இருக்கிறது. இரண்டு மூன்று வருடமாக அதிகப் போக்கு. யாரிடமும் சொல்லவில்லை. மாதாமாதம் பழைய மாத்திரை அட்டையைப் பையனிடம் கொடுத்து, கடையில் அதே மாத்திரையை வாங்கி விழுங்கியிருக்கிறார்கள். மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே ஹீமோகுளோபின் 5 அல்லது 6 என்று வருகிறது. பெண்களுக்கு அது 12க்குக் குறையக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்கு அதிக உதிரப்போக்கு ஒரு முக்கியக் காரணம்.

எது அதிகம்? 7 நாளைத் தாண்டிப் போனால் அதிகம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் முழுவதும் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால் அதிகம். கட்டி கட்டியாக, பெரிய நாணயம் அளவுக்குப் போனாலும், இரவில் எழுந்து எழுந்து மாற்ற வேண்டியிருந்தாலும் அதிகம்.

ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் அதிகபட்சம் 15 நாள். ஹனஃபியில் 10 நாள். "இன்னும் 15 நாள் ஆகவில்லையே, இது ஹைள்தானே" என்று சில சகோதரிகள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த எல்லை தொழுகைக்கும் நோன்புக்கும் உரியது. 12 நாள் இரத்தம் போனால் அதை ஹைள் என்று சட்டம் சொல்லலாம். உடம்பு அந்தக் கணக்கைப் பார்த்து இரத்தத்தை நிறுத்தி வைக்காது. தொழுகைக்காக நாட்களைக் குறித்து வைக்கும் பழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, என்று நின்றது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

மாத்திரைக்கு முன்னால் காரணம் தெரிய வேண்டும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம். காப்பர்-டி போட்டிருப்பதாலும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுவதாலும் போக்கு அதிகமாகும். வயதுக்கு வந்த நாள் முதலே ஒரு பிள்ளைக்கு அதிகமாகப் போனால், இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருமணமானவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனைதான் முதலில். கரு கலைவதையோ, கரு குழாயில் தங்கியதையோ மாதவிடாய் என்று நினைத்து மாத்திரை போட்டால் உயிருக்கே ஆபத்து. 45 வயதைத் தாண்டி அதிகமானால் ஸ்கேன் மட்டும் போதாது, உள்சதையை எடுத்துப் பரிசோதிக்கவும் டாக்டர் சொல்லலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி பட்டாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க அல்லாஹ் தரும் அவகாசம் அது.

இப்போது மருந்துகள். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே மருந்தால் குணம் கிடைக்கும், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு முறை உண்டு.

முதலாவது டிரானெக்ஸாமிக் அமிலம். 1962-இல் இதை உலகுக்கு அறிவித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகாமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவரும். பிரசவத்தில் இரத்தம் போய்ப் பெண்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் நோக்கம். இது உறைந்த இரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கிறது. போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். வழக்கமாக 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு வீதம், தினம் மூன்று வேளை, அதிகம் போகும் நாட்களில் மட்டும் 4 நாள் வரை தருவார்கள். மாதம் முழுவதும் சாப்பிடும் மாத்திரை அல்ல இது. காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் சாப்பிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மெஃபெனாமிக் அமிலம். வலியையும் குறைக்கும், போக்கையும் ஓரளவு குறைக்கும். சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வருபவர்களுக்கு இது ஆகாது. மேலே சொன்ன இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் விற்கிறது. அது தெரியாமல் வேறு வலி மாத்திரையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். உதிரப்போக்கு நேரத்தில் வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், அது இரத்தப்போக்கைக் கூட்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள்.

மூன்றாவது நோரெதிஸ்டெரோன் என்ற ஹார்மோன் மாத்திரை. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகும்போது மாதவிடாயைத் தள்ளிப்போட நம் பெண்கள் சாப்பிடுவதும் இதுதான். இதை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வருவது இயல்பு. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பிக்காதீர்கள். இந்த முறையில் சாப்பிடும்போது இது கர்ப்பத்தையும் தடுக்காது. மார்பகப் புற்றுநோய், ஈரல் நோய், இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்குக் கூடாது. பல மணி நேர விமானப் பயணத்தில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். அதனால் குழுவில் ஒருவர் கொண்டுவந்ததைப் பத்துப் பேர் பகிர்ந்து சாப்பிடுவது சரியல்ல. பயணத்துக்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

நான்காவது ஆர்மெலாக்ஸிஃபின். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டது. அதிகப் போக்குக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பிறகு வாரம் ஒரு நாள் என்று தருவார்கள். தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது. கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவி இருக்கிறது. 5 வருடம் வரை பலன் தரும். போக்கைக் குறைப்பதில் மற்ற மருந்துகளைவிட மேலானது. ஆனால் முதல் சில மாதங்கள் சிறிது சிறிதாக உதிரம் படும். தொழுகைக்கு என்ன செய்வது என்பதை ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். தேநீரோடு எடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும்.

ரமளானில் இஸ்திஹாளா உள்ள சகோதரிகள் நோன்பு வைப்பதால் பகல் வேளை மாத்திரையை விட்டுவிட்டு, இஃப்தாருக்குப் பிறகு இரட்டையாகப் போட்டுக்கொள்கிறார்கள். இது தவறு. வேளையை மாற்றலாமா என்பதை டாக்டரும், நோயாளிக்கு உள்ள சலுகையை ஆலிமும் சொல்வார்கள். இருவரையும் கேளுங்கள்.

மணிக்கொரு நாப்கின் என்று தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் போனால், மயக்கம் வந்தால், நெஞ்சு படபடத்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்காமல், உம்மாவோ மனைவியோ மகளோ, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள், இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அங்கே கிடைக்கும்.

சகோதரிகளே, துணைக்கு ஆள் இல்லாதவர்கள் நம் மகளிர் குழுவிடம் சொல்லுங்கள், ஒரு சகோதரி உங்களோடு வருவார். உதவி மனுவில் என்ன நோய் என்று எழுத வேண்டாம். "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும். டாக்டர் சீட்டை மகளிர் குழுவே பார்த்துக்கொள்ளும், அது ஆண்கள் மேசைக்கு வராது.

நம் வீட்டுப் பெண்களுக்கு அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.