போக வேண்டிய வீடு
(இறையியல் கல்லூரி ஒன்றின் பட்டமளிப்பு விழா உரை)



தம்பிகளே, தங்கைகளே, எபிரேயமும் கிரேக்கமும் படித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பாவம் என்பதற்கு மூலமொழிச் சொல் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களைப் பார்க்க ராத்திரி பஸ் ஏறி வந்திருக்கும் உங்கள் பெற்றோருக்காகச் சொல்கிறேன். நியாயாதிபதிகள் புத்தகம் 20-ஆம் அதிகாரத்தில் பென்யமீன் கோத்திரத்து இடதுகைப் பழக்கக்காரர்கள் 700 பேர் வருகிறார்கள். கவண்கல் எறிந்தால் ஒரு மயிரிழைகூடக் குறி தப்பாத கைக்காரர்கள். அந்தக் 'குறி தப்புவது' என்பதற்கு எபிரேயத்தில் உள்ள சொல்லும், வேதமெங்கும் பாவம் செய்தான் என்று நாம் வாசிக்கிற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிரேக்கத்தின் ஹமார்த்தியாவுக்கும் குறி தப்புதல் என்ற பொருள் உண்டு.

இந்த விளக்கத்தை நானும் வருடக்கணக்காகப் பிரசங்கத்தில் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் இதில் ஒன்றை வெகுகாலம் நான் கவனிக்கவில்லை. குறி தப்பிய கல் காற்றில் கரைந்து போவதில்லை. அது போய் யார்மேலாவது விழுகிறது. எறிந்தவன் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருக்கிறபோது, அடிபட்டவன் வேறோர் இடத்தில் ரத்தம் வழிய உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் ஊழியத்துக்கு வந்த இரண்டாம் வருடம். தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்னச் சபை. அறுப்பின் பண்டிகை முடிந்தது. ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த கோழி, பூசணிக்காய், தேங்காய்க் குலை, கருப்பட்டிச் சிப்பம் எல்லாவற்றையும் ஏலம் விட்டோம். மறுநாள் எண்ணிப் பார்த்தால் ஏலப் பணத்தில் 640 ரூபாய் குறைந்தது. பணப்பெட்டி இருந்த அறைக்குச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று என்னிடம். இன்னொன்று ஆலயத்தைக் கூட்டி, மணி அடிக்கும் பெரியவரிடம்.

கமிட்டியில் நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது என்று மட்டும் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிறு மணியை வேறொருவர் அடித்தார்.

மூன்று மாதம் கழித்து, என் பிரசங்கக் குறிப்பு நோட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. பந்தல்காரர் எழுதிக் கொடுத்தது. 640 ரூபாய் பற்று. நானே என் கையால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, கணக்கில் எழுத மறந்திருந்தேன்.

அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உண்மையாகவே அழுதேன். 51-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். பாரம் இறங்கினதுபோல இருந்தது. தேவன் என்னை மன்னித்துவிட்டார் என்ற நிச்சயம் வந்தது. அடுத்த ஞாயிறு மன்னிப்பைப் பற்றியே பிரசங்கம் பண்ணினேன். நல்ல ஆசீர்வாதமாக இருந்தது என்று ஜனங்கள் சொன்னார்கள். பெரியவர் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. ஆலய வாசலிலிருந்து அவர் வீடு முந்நூறு அடி இருக்கும். அந்த முந்நூறு அடியை நடக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

போனபோது நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஐயர் வந்தால் எழுந்து நிற்பது அந்தத் தலைமுறையின் வழக்கம். நான் என்ன செய்தேன் என்று தெரிந்தும் எழுந்து நின்றார். வீட்டம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். சீட்டை எடுத்து நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் ஐயா என்றேன். அவர் சீட்டைக் கையில் வாங்கவே இல்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துல என் பேரனை களவாணி பேரன்னு கூப்பிடுதானுவ. இதைச் சபையில சொல்லுவியளா ஐயரே?"

எனக்குப் பயம் வந்துவிட்டது. சபையில் சொன்னால் என்னை யார் மதிப்பார்கள்? கமிட்டி என்ன சொல்லும்? பேராயருக்குக் கடிதம் போகுமே? கதவைச் சாத்திக்கொண்டு தேவனிடம் அறிக்கையிட்ட இரவில் இந்தப் பயம் எதுவும் எனக்கு வரவில்லை. அந்தக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது: அந்த இரவில் நான் தேவனிடம் போனதே, பெரியவரிடம் போகாமல் இருப்பதற்காகத்தான்.

அந்த ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால் சபையில் சொன்னேன். பெரியவர் கடைசி வரிசையில் இருந்தார். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். மணி அடிக்கும் வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி எத்தனையோ முறை கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். நான் உடைத்ததில் திரும்பக் கட்ட முடியாத பகுதி ஒன்று உண்டு. அது இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தைப் பிறகு புதிதாக வாசித்தேன். அயலானை ஏமாற்றினவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும். அதன் பிறகே குற்றநிவாரண பலியைப் பற்றிய பேச்சு அங்கே வருகிறது. சகேயுவின் கதை உங்களுக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். அவன் மரத்திலிருந்து இறங்கினதைப் பாட்டாகப் பாடுகிறோம். அவன் கணக்குச் சொன்னதைப் பாடுவதில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை. அந்தக் கணக்குக்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். கிரியையினால் இரட்சிப்பு என்று நான் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் வாய் திறக்கும் முன்பே, உன் வீட்டில் தங்க வருகிறேன் என்று ஆண்டவர் சொல்லியாயிற்று. கிருபை முதலில் வந்தது. வந்த கிருபை அந்த வீட்டின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தது. திறக்கவில்லை என்றால் வந்தது கிருபைதானா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

நமக்குத் தமிழில் ஒரு நல்ல காரியம் அமைந்திருக்கிறது. தேவனுக்கு முன் ஒருவன் நீதிமானாவதற்கும், நீதிமன்றத்தில் ஏழைக்குக் கிடைக்க வேண்டியதற்கும் ஒரே சொல்தான், நீதி. நான் நீதியில் வளர்ந்துகொண்டிருக்கிறேன், ஆனால் என்னால் அவனுக்கு நீதி கிடைக்கவில்லை என்று தமிழில் சொன்னால் நம் காதுக்கே பொறுக்காது.

சரி, என் பாவம் எனக்குத் தெரிந்திருந்தது. சீட்டு கையில் இருந்தது. பாவம் என்றே தெரியாத பாவத்தை என்ன செய்வது?

'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டனை எல்லாருக்கும் தெரியும். அடிமைக் கப்பல் மாலுமி, புயலில் சிக்கினார், மனந்திரும்பினார், பாட்டெழுதினார் என்று மேடைகளில் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வருடங்களை எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புயல் வந்தது 1748 மார்ச்சில். அந்த நாளை அவர் வாழ்நாள் முழுக்க நினைவுகூர்ந்தார். ஆனால் 1750-லிருந்து 1754 வரை அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனாக மூன்று பயணம் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தட்டில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அடித்தட்டில் ஆப்பிரிக்க ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் சங்கிலியில் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்ற சந்தேகத்தில் சிறுவர்களின் கட்டைவிரலை நெரிக்கும் கருவியில் மாட்டியதை அவரே தம் கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். 1754-ல் அவர் கடலை விட்டது மனச்சாட்சி குத்தியதால் அல்ல, உடம்பு முடியாமல் விழுந்ததால். 1764-ல் ஓல்னி என்ற ஊரில் ஆயரானார். அந்த வருடம் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், அந்தத் தொழில் தப்பு என்ற உறுத்தல் அப்போது தமக்கு இருந்ததில்லை என்று ஒளிக்காமல் எழுதினார். நாம் பாடுகிற அந்தப் பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அடிமை வாணிபத்தைக் கண்டித்து, தாமும் அதில் கருவியாக இருந்ததை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788-ல். புயலுக்கும் அதற்கும் இடையே 40 வருடம்.

நியூட்டனின் மனந்திரும்புதல் பொய் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். தாம் பார்த்ததைப் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் குழுவின் முன் சாட்சியாகச் சொன்னார். மனமுடைந்து 1785-ல் தம்மைத் தேடி வந்த பார்லிமெண்ட் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸை அரசியலிலேயே இருக்கச் சொல்லித் திடப்படுத்தினார். 1807-ல் அடிமை வாணிபத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியதைப் பார்த்துவிட்டு, அந்த டிசம்பரில் இறந்தார். விதைக்கப்பட்டது உண்மையான விதைதான். ஆனால் ஒரு காரியத்தை நீங்கள் மறக்கக் கூடாது. பரிசுத்தமாகுதல் படிப்படியாகத்தான் நடக்கும் என்று நாம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்கிறோம். பரீட்சையிலும் எழுதியிருப்பீர்கள். அந்தப் படிப்படிக்கு விலை கொடுத்தவர்கள் கப்பலின் அடித்தட்டில் கிடந்தார்கள்.

நம்முடைய அடித்தட்டு எது?

1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து தாமதமின்றி அடியோடு விலக்க வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்காமல் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் வேதத்தை அறியாதவர்கள் அல்ல, ஜெபிக்கத் தெரியாதவர்களும் அல்ல. 190 வருடத்துக்குமேல் ஆகிவிட்டது. இன்றைக்கு நம்முடைய கிறிஸ்தவ வரன் விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நிற்கிறது. 'இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற' என்றும் அதே வரியில் இருக்கும். செத்த பிறகும் சேர்ந்து படுக்கக் கூடாது என்று கல்லறைத் தோட்டத்தை இரண்டாக வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. குடிப்பதையும் சினிமா பார்ப்பதையும் கண்டித்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், நானும் பண்ணியிருக்கிறேன். இதைக் கண்டித்து நான் பண்ணிய பிரசங்கங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஏனென்றால் இதைச் சொன்னால் காணிக்கை குறையும், சபைத் தேர்தலில் குழப்பம் வரும், மாற்றல் வரும். உங்களுக்கும் வரும். அதற்குப் பயந்து நீங்கள் வாயை மூடிக்கொண்டால், மேல்தட்டில் ஆராதனை நடத்துகிற இன்னொரு கேப்டனாகத்தான் ஆவீர்கள். இதைவிட மென்மையாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் தனியாளாக ஜெயிக்க முடியாது. போதகருக்கு இருக்கிற பெரிய ஆபத்து தனிமை. சபையில் எல்லாரும் உங்களிடம் அறிக்கையிடுவார்கள். நீங்கள் யாரிடம் போவீர்கள்? 1738-ல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம்மைச் சேர்ந்தவர்களுக்குச் சிறு குழுக்கள் அமைத்து விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறை கூட வேண்டும். சென்ற கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். அப்படி உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க உரிமையுள்ள ஒருவராவது உங்களுக்கு வேண்டும். மனைவியோ கணவனோ மட்டும் போதாது. உங்கள் சாதியைச் சேராத ஒருவராக இருந்தால் மிகவும் நல்லது. நீங்கள் பார்க்க முடியாததை அவர் பார்ப்பார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பட்டம் வழங்கத் தொடங்குவார்கள். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனை ஆண்டவர் திருப்பி அனுப்புகிற இடம் ஒன்று உண்டு. உன்பேரில் சகோதரனுக்குக் குறை இருக்கிறதென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார். காலையிலேயே முதல்வர் ஐயாவிடம் ஒரு அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது உங்களில் யாருக்காவது ஒரு முகம் நினைவுக்கு வந்திருந்தால், விடுதி அறைத் தோழனோ, மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அக்காவோ, ஊரில் இருக்கும் அண்ணனோ, எழுந்து வெளியே போங்கள். போன் உங்கள் அங்கிக்குள்தான் இருக்கிறது. பேசிவிட்டு வாருங்கள். உங்கள் பெயரைக் கடைசியில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பட்டம் இந்த மேஜைமேலேயே இருக்கும்.