இங்கிலீஷ் உச்சரிப்பும் புதுவைத் தமிழரும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இங்கிலீஷ் பாஷையைக் குறித்து நம் வாலிபர் எழுதிக் கொடுத்த சந்தேகங்களுக்கு விடை கூறுமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தனர். இக்கேள்விகள் சென்னையிலோ கடலூரிலோ பிறந்திருந்தால் விடையும் ஒருவாறு வேறுபடும். 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ந் தேதி வரையில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இவ்வூரில் பாட்டனார் கற்றது பிரெஞ்சு. பேரன் கற்பது இங்கிலீஷ். வீட்டில் வழங்குவது தமிழ். ஆகலின் இங்கிலீஷுக்குச் செல்லும் வழியில் நமக்கு இரண்டு பாஷைகள் குறுக்கிடுகின்றன.

‘தி’ என்னும் சுட்டுச்சொல்லை எவ்வாறு ஒலிப்பது என்று ஒருவர் கேட்கிறார். பிரெஞ்சுக்காரருக்கு அவ்வொலி இல்லாமையால், அவர் அதனை வண்டிரைச்சல் கலந்த ஸகரமாக்கிவிடுவர். அவரிடம் பயின்ற நம் முதியோர் சிலரும் அவ்வாறே சொல்வதுண்டு. தமிழனுக்கோ அவ்வொலி தாய்ப்பாலோடு வந்தது. ‘அது’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். இடையில் நின்ற தகரம் மெலிந்து, நாநுனி பல்லைத் தொட்டும் தொடாமலும் ஒலிக்கிறதன்றோ? அதனையே சொல்லின் முதலில் வைத்தல் போதுமானது.

நமக்கு இடறும் இடம் வேறு. ‘பம்பரம்’ என்னும் சொல்லில் முதற் பகரம் வலித்தும் இரண்டாவது மெலிந்தும் ஒலிக்கின்றன. எழுத்து ஒன்றேயாதலால் நம் செவி அவ்வேற்றுமையைக் கவனிப்பதில்லை. இங்கிலீஷில் அவை இரண்டும் வெவ்வேறு எழுத்துக்கள். பூந்தோட்டத்தைக் குறிக்கும் சொல்லும், நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லும் நம் எழுத்தில் ‘பார்க்’ என்றே வரும். குழந்தைகளுக்கு முதலில் பம்பரத்தின் இரண்டு பகரங்களையும் பிரித்துக் காட்டிவிட்டுப் பின்னர் இங்கிலீஷுக்குப் போவது நன்று. அசையழுத்தத்தைப் பற்றி நீட்டிப் பேசவேண்டுவதில்லை. ‘ரிக்கார்ட்’ என்பது பெயர்ச்சொல்லாயின் முதலசையும், வினையாயின் பின்னசையும் அழுத்தம் பெறும். 1917ஆம் ஆண்டு டேனியல் ஜோன்ஸ் என்னும் ஆசிரியர் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி முதலியவற்றில் அழுத்தத்துக்கு ஒரு சிறு கோடு இடப்பட்டிருக்கும். அதனைப் பார்த்துப் பழகலாம். வெள்ளைக்காரரைப் போலவே பேசவேண்டுமா என்றால், வேண்டுவதில்லை. கேட்பவர்க்குப் பொருள் விளங்கினால் குறையொன்றுமில்லை.

ஒரு சகோதரி, தாம் எழுதிய மனுவில் ‘ஐ டிமாண்ட்’ என்றிருந்ததைக் கண்டு ஓர் அதிகாரி முகஞ்சுளித்த காரணத்தை வினவுகிறார். பிரெஞ்சில் ‘தெமாந்தே’ என்பதற்குக் கேட்டல் என்பதே பொருள். அதில் கடுமை சிறிதுமில்லை. இங்கிலீஷில் அச்சொல் உரிமை பாராட்டி வற்புறுத்துதலாகும். ‘ரிக்வெஸ்ட்’ என்றெழுதியிருந்தால் முகம் மலர்ந்திருக்கும். இவ்விதம் உருவத்தால் ஒத்துப் பொருளால் மாறுபட்ட சொற்கள் பல. பிரெஞ்சில் ‘லிப்ரேரி’ புத்தகக் கடை. இங்கிலீஷில் ‘லைப்ரரி’ வாசகசாலை. பிரெஞ்சில் ‘அசிஸ்தே’ என்பதற்குக் கூட்டத்துக்கு வந்திருத்தல் என்ற பொருளும் உண்டு. இங்கிலீஷில் ‘அசிஸ்ட்’ என்றால் உதவி புரிதலே. பிரெஞ்சில் ‘கொலேழ்’ என்பது நடுத்தரப் பள்ளி. நம் ஊர்க் கல்வே காலேஜ் பள்ளிக்கூடமாயிருப்பதன் காரணத்தையும் இதனால் ஊகிக்கலாம்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானது பெயர் விஷயம். முத்துசாமி என்னும் பெயரைப் பிரெஞ்சு முறையில் எழுதுங்கால், உகரத்துக்கு ஓ, யூ என்னும் இரண்டெழுத்துக்களை இடுவர். உயிர்களுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சில் அது வண்டொலியாகிவிடுமென்று எஸ்ஸை இரட்டிப்பர். ஜகரத்துக்கு முன்னே ஒரு டி சேர்ப்பதும் இத்தகைய காரணம் பற்றியதே. இவையெல்லாம் ஒழுங்குள்ள எழுத்துமுறைகள். ஆனால் இங்கிலீஷ் மாத்திரம் கற்றவர் அதே பெயரைக் கண்டு ‘மவுட்டவுசாமி’ என்று வாசிக்கிறார்! உப்பளத்தின் கதியும் அதுவே.

மாறாக நேர்வதும் உண்டு. துய்ப்ளெக்ஸ் துரையின் பெயரைப் பிரெஞ்சுப் பெயரென்று கருதி ஈற்றெழுத்தை விழுங்கி ‘டூப்ளே’ என்பது இங்கிலீஷ் வழிவந்த பழக்கம். பிரெஞ்சுக்காரரோ இறுதியிலுள்ள ககர ஸகரங்களை நன்றாக ஒலிக்கின்றனர். நம் பாட்டன்மார் சொன்னதே சரி.

சரித்திர புருஷர் பெயர் எப்படி ஒலித்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. நமக்கு அப்படியன்று. 1956ஆம் ஆண்டு மே மாதம் 28ந் தேதி கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16ந் தேதி அமலுக்கு வந்தபோது, நம்மவரிற் சிலர் பிரெஞ்சுப் பிரஜைகளாயிருக்க விரும்பினர். அவர் குடும்பத்தில் தந்தையின் பெயர் மேரியின் பதிவில் பிரெஞ்சு முறையிலும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் அதே தந்தையின் பெயர் இங்கிலீஷ் முறையிலும் இருப்பின், காகிதத்தை மட்டும் காணும் அதிகாரிக்கு அவர் இருவராகத் தோன்றுவர். சொல்தாவாக இருந்தவரின் பென்ஷன், பிள்ளையின் பிரஜா உரிமை, வீட்டுப் பத்திரம் ஆகியவை இவ்விரண்டெழுத்தினால் தடைப்படக்கூடும். எந்த முறை அழகியது என்பது இங்கே வழக்கன்று. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளிலேயே பிறப்புப் பதிவைக் கையில் கொண்டுசென்று, அதிலுள்ள எழுத்துக்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுவித்தல் வேண்டும். குமாஸ்தா திருத்த முற்பட்டால் பணிவோடு மறுக்கவேண்டும். அங்கே ‘டிமாண்ட்’ என்னும் சொல்லை வழங்கினும் பிழையில்லை.

முன்னமே பெயர் மாறிப் பதிவாகியுள்ளவர்கள், அடுத்த கூட்டத்துக்கு இரு பத்திரங்களின் பிரதிகளையும் கொண்டு வருவார்களாயின், எவ்வெழுத்து எங்கே வேறுபட்டிருக்கிறதென்று குறித்துக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன்.