சான்று நிற்போம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புலம்பெயர்ந்து வந்தோரைச் சமுதாயத்தோடு இணைப்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இஃது எனக்கு ஏட்டுச் செய்தி அன்று. என் குடும்பத்தின் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நலிந்த நம் முன்னோர், கங்காணிகளின் சொல்லை நம்பி இலங்கை சென்றனர். காப்பித் தோட்டங்களையும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களையும் தம் உழைப்பால் உருவாக்கினர். அவர்களுள் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்டோரே. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருள், நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் சிலர் வேலை பெற்றனர். வேறு பலருக்கு வியாபாரக் கடன் தரப்பட்டது. கொழுந்து கிள்ளவே அறிந்த கைகள் கடை நடத்துவது எப்படி? கடனை இழந்து கூலி வேலை தேடி அலைந்தோர் பலர்.

1973ஆம் ஆண்டில், என் ஒன்பதாம் வயதில், பாட்டனார் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஊரார் எங்களைச் சேரியார் என ஒதுக்கினர். சேரியாரோ சிலோன்காரர் என ஒதுக்கினர். கல்லூரியில் சேர நான் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, "பிறந்தது இலங்கையில்; சாதிக்கு ஆதாரம் எங்கே?" என்றனர். எந்தச் சாதியைக் கூறிப் பொதுக் கிணற்றில் எங்களை நீர் எடுக்க விடவில்லையோ, அந்தச் சாதிக்கு அலுவலகத்தில் ஆதாரம் இல்லையாம்!

அன்றுதான் நம் சேரி மனம் மாறிற்று. ஓர் இளைஞர் மனு எழுதினார். என் பாட்டனாரை அறிந்த மூதாட்டி ஒருவரும் கூலியாள்கள் நால்வரும் ஒருநாள் கூலியை இழந்து, அலுவலகம் வரை நடந்து வந்து, "இவன் எங்கள் பிள்ளை" என்று சான்று கூறினர். சான்றிதழ் கிடைத்தது; உதவித்தொகையும் விடுதி இடமும் கிடைத்தன. ஆனால், அன்று நான் பெற்ற பெரும்பேறு அந்த ஒரு சொல்லே.

இளைஞர்களே! வந்தவர்க்கு ஒருவேளை அரிசி அளப்பது இரக்கம். அவர்க்காகச் சான்று நிற்பது உறவு. தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் இன்றும் சான்றிதழின்றித் தவிக்கும் மாணவர் இருப்பின், அவர் மனுவை நீங்கள் எழுதுங்கள், உடன் செல்லுங்கள். அவர்களை நம் கழகத்தில் உறுப்பினராக்குங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுங்கள்.

இன்று நம் ஊர்ச் செங்கற்சூளைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருவோரின் பிள்ளைகளையும் மறவாதீர்கள். 6 முதல் 14 வயது வரை அவர்களுக்கும் கல்வி உரிமை உண்டென்பது 2009ஆம் ஆண்டின் சட்டம். அவர்கள் மொழி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் படும் ஒதுக்கம் நமக்குத் தெரியும். கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒதுக்கப்பட்டோர் நாம், நாம் ஒருவரையும் ஒதுக்கலாகாது. கழகம் வளர்க!