கருணாபுரத்தை எழுதியவர்கள்



ஊடகங்களின் அரசியல் சார்பு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது நாங்கள் கொஞ்சம் தயங்கினோம். தமிழ்நாட்டில் இது விடை தெரிந்த கேள்வி. எந்தச் சேனல் எந்தக் கட்சிக்கு என்பது ரிமோட்டைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். சன், கலைஞர் ஒரு பக்கம். ஜெயா, நியூஸ் ஜெ இன்னொரு பக்கம். பாமகவுக்கு மக்கள், தேமுதிகவுக்குக் கேப்டன், நம் பக்கத்துக்கு வெளிச்சம். இதை விவரிக்க ஒரு கூட்டம் போட வேண்டியதில்லை. இத்தனை கட்சிகளுக்கும் இத்தனை சேனல்கள் இருந்தும், எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரி விடுபட்டுப் போகிறவர்கள் யார்? அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம். நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிற கருணாபுரத்தில் காலையிலிருந்து சாவு விழத் தொடங்கியது. பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டும், கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாவுக்குச் சாராயம் காரணமில்லை, வேறு உடல்நலக் காரணங்கள் இருக்கின்றன என்று மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. அது அப்படியே செய்தியாக ஓடியது. அந்த மறுப்பை நம்பியும், இழவு வீட்டுக்கு வந்த இடத்திலும் இன்னும் சிலர் குடித்தார்கள் என்று தெரு மக்கள் பிறகு சொன்னார்கள். 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், சாவுகளில் பெண்களும் உண்டு. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த முதல் மறுப்பை வெளியிட்டதில் கட்சி வேறுபாடு இல்லை. அதிகாரி சொன்னால் செய்தி, சேரிக்காரர் சொன்னால் வதந்தி. "சாராயம்தான் சார், நேத்து ராத்திரி வாங்கினது" என்று சொன்ன ஒரு பெண்ணின் வார்த்தைக்கும், மைக் முன்னால் வந்த ஒரு வரிக்கும் சம மதிப்புக் கொடுத்திருந்தால் சில உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று நாங்கள் நம்புகிறோம். நிரூபிக்க முடியாது. ஆனால் நம்புகிறோம்.

அடுத்த நாளிலிருந்து சேனல்கள் தத்தம் பக்கத்துக்குப் போய்விட்டன. ஒரு பக்கம் முதலமைச்சர் பதவி விலக வேண்டும் என்றது. இன்னொரு பக்கம் 10 லட்சம் ரூபாய் நிவாரணத்தையும் ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் ஆணையத்தையும் காட்டியது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டவர்கள் இரண்டு கட்சிக்காரர்களையும் நாலு பேராக உட்காரவைத்துச் சண்டை போட விட்டார்கள். கருணாபுரத்துக்காரர் ஒருவரும் அந்த நாற்காலிகளில் இல்லை. வார்த்தைகளிலும் கட்சி இருந்தது. கள்ளச்சாராயம் என்று சொன்னால் காவல்துறையும் அரசும் பதில் சொல்ல வேண்டும். விஷச்சாராயம் என்றால் பழி யாரோ ஒரு மெத்தனால் வியாபாரியோடு முடிந்துவிடும். ஓராண்டுக்கு முன் மரக்காணத்தில் செத்தபோதே இந்தச் சொல் சண்டை தொடங்கிவிட்டது. அதோடு எல்லாப் பக்கமும் சேர்ந்து கேட்ட கேள்வி ஒன்று உண்டு: குடித்துச் செத்தவனுக்கு எதற்கு 10 லட்சம்? எங்கள் தெருக்களிலேயே இதைக் கேட்டார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கிற நகரத்தின் நடுவில் பகிரங்கமாக விற்க யார் அனுமதித்தார்கள் என்ற கேள்வி அதன் அடியில் அமுங்கிப்போனது. வழக்கை சிபிஐக்கு மாற்றிய 2024 நவம்பர் 20 உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோதுதான் அந்தக் கேள்வி மறுபடி மேலே வந்தது. அப்போது கேமராக்கள் வேறு ஊரில் இருந்தன.

இனி மலைக்குப் போவோம். சாவு நடந்த சில நாட்களில் கல்வராயன் மலை எல்லாத் திரையிலும் வந்தது. போலீசார் ஊறலைக் கண்டுபிடிக்கிறார்கள், பேரலைக் கவிழ்க்கிறார்கள், கேமரா பின்னாலேயே ஓடுகிறது. பார்க்கிறவன் மனதில் என்ன பதியும்? மலைக்காரன் காய்ச்சினான், கீழே இருக்கிறவன் செத்தான். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைப் பொருள். வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைக்கிற மலையில் அது விளைவதில்லை. மலையில் சாராயம் காய்ச்சுவது உண்மைதான், அதை மறைக்க நாங்கள் வரவில்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தார்கள் என்பதும், அதற்குப் பிறகும் சாலை, பள்ளி, மருத்துவமனை எவ்வளவு வந்தது என்பதும் ஊறல் காட்சியோடு சேர்ந்து வரவில்லை என்றுதான் சொல்கிறோம். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. செய்தி ஆசிரியர்கள் கேட்டிருக்க வேண்டியதை நீதிபதிகள் கேட்டார்கள்.

மலைக்காரனுக்கு ஊடகத்தில் ஏற்கெனவே பெயர் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. முதல் நாள் செய்தியில் அவர்கள் 'கடத்தல்காரர்கள்'. மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள் என்று எழுதச் சில நாட்கள் ஆயின. அந்தச் சில நாட்களில்தான் ஒரு செய்தி யார் பக்கம் என்பது முடிவாகிறது.

சினிமாவை விட்டுவிட முடியாது, ஏனென்றால் மாணவர்கள் அதிகம் கேட்பது அதைப் பற்றித்தான். 2021இல் 'கர்ணன்' வந்தது. 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் ஊருக்குள் புகுந்து நொறுக்கியதை நினைவூட்டிய படம். நாடு முழுக்க எதைப் பற்றி விவாதித்தது? படத்தில் குறிப்பிட்ட 1997 என்ற ஆண்டைப் பற்றி. அது திமுக ஆட்சிக்காலம், சம்பவமோ அதிமுக ஆட்சியில் நடந்தது என்று உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்டினார், எழுத்து மாற்றப்பட்டது. ஆண்டு சரியாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் எந்தக் கட்சிக்குக் களங்கம் என்று கணக்குப் பார்த்ததில் கொடியங்குளத்துக்காரர்கள் காணாமல் போனார்கள். அதே ஆண்டு 'ஜெய்பீம்' வந்தது. சண்டை ஒரு காலண்டர் படத்தைப் பற்றியதாக ஆனது, காலண்டரும் மாற்றப்பட்டது. காவலில் கொல்லப்பட்ட உண்மையான ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளராக ஆக்கப்பட்டார். குறவர் மக்களின் வருத்தத்துக்குக் காலண்டருக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

எல்லாம் ஏன் ஒரே மாதிரி விடுபடுகிறது? செய்தி அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 1996இல் பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி, ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்தபோது, 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித்தோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. இது அம்பேத்கருக்கு 1920இலேயே தெரியும். 'மூக்நாயக்' தொடங்கியபோது காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைக் 'கேசரி' போட மறுத்தது. அவருக்கும் முன்னால் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தினார், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார்.

ஆகவே நமக்கு நம் ஊடகம் வேண்டும் என்று தோழர்கள் சொல்வார்கள். வேண்டும்தான். ஆனால் 2022 ஜூலையில் கனியாமூரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பள்ளி மாணவி இறந்தார். யூடியூப் சேனல்கள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதின. ஜூலை 17 அன்று பள்ளி எரிந்தது. கைதானவர்களில் தலித் இளைஞர்களே குறிவைக்கப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அந்த நாட்களில் சரிபார்க்காத காணொளிகள் ஓடின. அனுப்பியவர்களில் நாங்களும் உண்டு. அழித்துவிட்டோம், ஆனால் அனுப்பியது அனுப்பியதுதான். சேனல் நம்முடையது என்பதால் மட்டும் செய்தி நம்முடையதாகிவிடாது. வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறிப் போய் இரண்டு நாள் தங்கி எழுதுகிற ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். நம் சிற்றிதழ்களில் கவிதைக்கு இருக்கிற பக்கம் கள அறிக்கைக்கு இல்லை என்பதையும் இந்த மேடையில் சொல்லிவிடுகிறோம்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். நூலகத்தில் 2024 ஜூன் 19 முதல் 30 வரையிலான நாளிதழ்களை எடுங்கள். அளவுகோலை வைத்து அளந்து எழுதுங்கள்: அமைச்சர்களுக்கு எத்தனை சென்டிமீட்டர், எதிர்க்கட்சிக்கு எத்தனை, ஊறல் அழிப்புப் படங்களுக்கு எத்தனை, கருணாபுரத்தில் வாழ்கிறவர்கள் சொன்னதற்கு எத்தனை. கணக்கைக் கொண்டுவந்தால் அடுத்த இதழில் முழுதாகப் போடுகிறோம்.