பம்பாயில் மதராசி, ஒரகடத்தில் வடக்கன்

(ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இனவெறி என்றால் நம்மில் பலருக்கு அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும்தான் ஞாபகத்துக்கு வரும். நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று கேட்டுவிட்டு எழுந்து போவோம். நான் இன்று அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. ஒரகடத்து டீக்கடை வரை போனால் போதும்.

"எங்கே பார்த்தாலும் வடக்கன், நம் பிள்ளைகளுக்கு வேலையில்லை" என்கிறார் ஒருவர். "பான்பராக் வாயன்கள், குளிக்கவே மாட்டான்கள்" என்கிறார் இன்னொருவர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த நாலு பையன்கள் பக்கத்திலேயே நின்று டீ குடிக்கிறார்கள். அவர்களுக்குப் பாஷை புரியாது என்று நமக்கு நினைப்பு. வசவுக்கு மொழிபெயர்ப்பு எதற்குத் தோழர்களே? பேசுகிறவன் முகத்தைப் பார்த்தாலே புரியும். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த நாட்டுக்காரர்கள் நாம். அந்த முகம் நமக்கும் தெரிந்த முகம்தான்.

குளிக்கவில்லை என்கிறோமே, அவன் குடியிருக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறோமா? பத்தடி அறையில் பத்துப் பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். அத்தனை பேருக்கும் ஒரே குழாய். வாடகையோ தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த வாடகையை எண்ணி வாங்குகிற கை நம்மூர்க் கை. ஆள்தான் அழுக்கு, அவன் தரும் பணம் அழுக்கில்லை போலும்!

"வேலையைப் பறிக்கிறான்" என்ற பேச்சும் புதிதல்ல. 1960-களில் பம்பாயில் இதே பேச்சு நம்மைப் பார்த்துப் பேசப்பட்டது. தாராவித் தமிழன், உடுப்பி ஓட்டல் கன்னடத்தான், மலையாளி எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர்: மதராசி. பால் தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகை, கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்த தென்னாட்டார் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966-ல் சிவசேனை பிறந்தது. தென்னாட்டார் ஓட்டல்கள் தாக்கப்பட்டன. லுங்கி கட்டியவன் கேலிக்கும் உதைக்கும் ஆளானான்.

இதனால் மராத்தி மில் தொழிலாளி என்ன லாபம் கண்டான்? மில் பகுதியில் இருந்த செங்கொடிச் சங்கத்தின் பலம் உடைந்தது. பரேல் சட்டமன்ற உறுப்பினர், கம்யூனிஸ்டுத் தோழர் கிருஷ்ண தேசாய் 1970 ஜூனில் கொல்லப்பட்டார். அவர் மதராசி அல்ல, மராத்தியர்தான். 1982-ல் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கித் தோற்றார்கள். மில் இருந்த மனைகளில் இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. மதராசியை விரட்டக் கிளம்பிய ஊரில் மராத்தியனுக்கும் மில் மிஞ்சவில்லை.

இலங்கை மலையகத்தை நினைத்துப் பாருங்கள். கங்காணி பிடித்துப் போன நம் ஜனங்களை, 1948-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மந்தையைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். அந்த ஜனங்களை 'தோட்டக்காட்டான்' என்று ஏசினார்களே, அது என்ன சிங்களச் சொல்லா? சுத்தமான தமிழ்ச் சொல். தமிழன் தமிழனை ஏசியது.

ஆகவே பாஷை வேறாக இருப்பதுதான் காரணம் என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தப் பாடம் வீட்டிலேயே ஆரம்பிக்கிறது.

என் அக்காள் கறுப்பு. கைக்குழந்தையிலேயே பயற்றமாவு போட்டுத் தேய்தேய் என்று தேய்ப்பாராம் பாட்டி. நடவில் அக்காளுக்கு ஈடு கொடுக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் நடவையா பார்த்தார்கள்? "நிறம் கொஞ்சம் மட்டு, இரண்டு சவரன் கூடப் போடுங்கள்" என்றார்கள். அந்த இரண்டு சவரனுக்காக அப்பா மூன்று வருஷம் வட்டி கட்டினார். வெயிலில் நின்று உழைத்ததால் கறுத்த பெண், அந்தக் கறுப்புக்கு அபராதம் கட்டினாள். இத்தனைக்கும் கருப்பாயி, கருப்பன் என்று ஆசையாகப் பெயர் வைத்த ஜனங்கள் நாம். மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகென்று பாடியது நம் சங்க இலக்கியம். கார்மேனிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "சிவப்பா ஒரு பெண் இருந்தால் சொல்லுங்கள்" என்கிறோம்!

சினிமா இதற்கு மெருகு போடுகிறது. 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் இரண்டு பெண்களுக்குக் கரி பூசிய மாதிரி வேஷம் போட்டுக் கொட்டகையைச் சிரிக்க வைத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் என்ன? அங்கவை, சங்கவை! முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் மகளிர் பெயர். புலவர்கள் வருந்தினார்கள், படம் ஓடியது. 1968-ல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் மதராசிப் பாட்டு வாத்தியாராக வந்து, நம் பேச்சையும் நடையையும் பழித்துக் காட்டினார். வடநாடு சிரித்தது. நம் படங்களில் "நம்பள், நிம்பள்" என்று பேசும் சேட்டைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். கேலி ஒன்றுதான், டிக்கெட்டுதான் வேறு.

கேலி கேலியோடு நிற்பதில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை வெட்டுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் செல்போனில் பரவின. வேறெங்கோ, வேறு காரணத்துக்கு நடந்த சண்டைகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழ்நாட்டுப் போலீஸ் வதந்தி என்று அறிவித்து வழக்குப் போட்டது. ஆனாலும் பயந்து ரயிலேறியவர்கள் பலர். நான் கேட்பது இதுதான்: பொய்யை அவர்கள் ஏன் உடனே நம்பினார்கள்? தினமும் டீக்கடையில் நம் முகத்தைப் பார்த்தவர்கள், வேறு எதை நம்புவார்கள்?

அவனை இங்கே கொண்டுவந்தது யார்? அவனாகவா வந்தான்? காண்டிராக்டர் கொண்டுவந்தான். பாஷை தெரியாதவன் கணக்குக் கேட்க மாட்டான், ஓவர்டைம் கேட்க மாட்டான், சங்கத்துக்கு வர மாட்டான் என்பதற்காகக் கொண்டுவந்தான். உள்ளூர்ப் பையனிடம் "இந்தக் கூலிக்கு வடக்கன் வருகிறான்" என்கிறான். வடக்கனிடம் "உள்ளூர்க்காரன் அடிப்பான், வாயை மூடிக்கொண்டிரு" என்கிறான். நாம் வைகிற ஒவ்வொரு வசவும் காண்டிராக்டருக்குச் செலவில்லாத காவல். விவசாயத் தோழர்களே, தஞ்சைப் பக்கம் வங்காளத்திலிருந்து நடவு ஆட்கள் வருகிறார்கள். அங்கேயும் பேசி முடிக்கும் ஏஜெண்டு ஒருவன் நடுவில் நிற்கிறான். ஆளுக்கு ஆள் கூலியைக் கேட்டுப் பாருங்கள், அவன் எடுத்தது எவ்வளவு என்று தெரியும்.

அடுத்த வாயிற்கூட்டத்துக்கு நோட்டீசைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் போடுவதாக இருக்கிறோம். பத்துப் பேர் தங்கும் அறைகளுக்கே போய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பாஷைகள் நாலு வார்த்தை தெரிந்தவர்கள், கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பக்கத்தில் என்னை வந்து பாருங்கள்.