மதிப்பெண்ணும் வாய்ப்பும்



மதிப்பெண் என்பது உழைப்பின் பயன் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. உழுகிறவனுக்கு நிலம் வேண்டும். படிக்கிறவனுக்குப் பாடம் வேண்டும். பாடமே நடத்தப்படாத பள்ளியில் அதற்குரிய மதிப்பெண்ணை எவ்வாறு பெறுவது?

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1913ஆம் ஆண்டில் உயர்கல்வி தேடிச் சென்ற நாடு அமெரிக்கா. அந்நாட்டின் கருப்பின மக்கள் இந்தக் கேள்வியை எழுப்பிய வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் 'ஏ' தரத்திற்கு 4 புள்ளி, 'பி' தரத்திற்கு 3 புள்ளி என்று கணக்கிட்டுச் சராசரி காண்பர். கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் கடினமான பாடங்களும் சில பள்ளிகளில் உண்டு. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்பது அவற்றின் பெயர். பல பள்ளிகள் இவற்றுக்கு ஒரு புள்ளியைக் கூட்டித் தருகின்றன. அப்பாடத்தில் 'ஏ' வாங்கினால் 5 புள்ளி.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடினமான பாடத்தில் 'பி' வாங்கியவனும் எளிய பாடத்தில் 'ஏ' வாங்கியவனும் இப்போது சமமாகிறார்கள். இவ்வேற்பாடு இல்லையெனில், மாணவர் எளிய பாடங்களையே நாடுவர்.

ஆனால் இரு பள்ளிகளை ஒப்பிடுங்கள். ஒரு மாணவி ஆறு பாடங்கள் படிக்கிறாள். அவற்றுள் நான்கு உயர்நிலைப் பாடங்கள். அனைத்திலும் 'ஏ' பெற்றால் மொத்தம் 28 புள்ளி, சராசரி 4.67. மற்றொருத்தியின் பள்ளியில் உயர்நிலைப் பாடம் ஒன்றுகூட இல்லை. அவளும் அனைத்திலும் 'ஏ' பெறுகிறாள். அவளுடைய சராசரி 4 மட்டுமே. இருவரும் ஒரு தரத்தைக்கூட இழக்கவில்லை. பின்தங்கியது மாணவியன்று, அவளுடைய பள்ளி.

கலிபோர்னியாவில் 1996ஆம் ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பு, அரசுக் கல்விச் சேர்க்கையில் இனத்தைக் கருதி முன்னுரிமை அளிப்பதைத் தடை செய்தது. அதன் பின்னர் இந்தக் கூடுதல் புள்ளியின் கொடுமை வெளிப்பட்டது. 1999ஆம் ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழகச் சேர்க்கை முறையை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. அது 2003ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது. அதே 1999இல், கருப்பின, லத்தீன் மாணவர் மிகுந்த இங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர் சார்பில் மற்றொரு வழக்கு எழுந்தது. 'எங்கள் பள்ளியில் உயர்நிலைப் பாடங்கள் ஏன் இத்தனை குறைவு?' என்பதே அதன் சாரம். 2000ஆம் ஆண்டில் அப்பாடங்களை வளர்க்கப் பள்ளிகளுக்கு மானியம் வழங்க அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

அவர்கள் கருணை மதிப்பெண் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடினமான பாடத்தைக் கொடு, நாங்கள் படித்துக் காட்டுகிறோம் என்றே கேட்டார்கள்.

தோழர்களே, நமக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண்ணில் கணிதத்திற்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அருகிலுள்ள மேனிலைப் பள்ளியில் கணிதப் பிரிவு இல்லையெனில், அல்லது பிரிவு இருந்தும் ஆசிரியர் இல்லையெனில், நம் பிள்ளையின் அறிவு எந்தக் கணக்கில் சேரும்?

ஆகவே நம் கடமை இரண்டு. இளைஞர்களே, கடினம் என்று அஞ்சிக் கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள். பெரியோர்களே, தேர்வு முடிவு வந்த பின்னர் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்னால், பள்ளி திறக்கும் மாதத்திலேயே சென்று கேளுங்கள்: இங்கே என்னென்ன பிரிவுகள் உள்ளன? ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா? விடை கிடைக்கும்வரை விடாது கேளுங்கள். அவ்வாறு கேட்பதும் கல்விப் பணியே.