பொதுப் பணமும் சொந்தப் பணமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, சிறு கொள்முதலுக்கென ஊழியர்க்குப் பணஅட்டை வழங்குகின்றன. அதைப் பிறரிடம் கொடுத்தலாகாது. செலவுதோறும் பற்றுச்சீட்டு வேண்டும். வரம்பை மீறும் தொகையை இரண்டாகப் பிரித்து வாங்குதலும் தவறே. தலையாய விதி, சொந்தச் செலவு கூடாது என்பது.

"பிறகு கட்டிவிட்டால் என்ன?" என்பீர்கள். சுவீடன் நாட்டுத் துணைப் பிரதமராயிருந்த மோனா சாலின், அரசாங்க அட்டையில் சொந்தப் பொருள்களும் வாங்கினார். அவற்றுள் சாக்லேட்டும் ஒன்று. பணத்தைத் திருப்பிச் செலுத்தியும் பயனில்லை. 1995-இல் பிரதமராகும் வாய்ப்பைத் துறந்து விலக நேர்ந்தது.

ஏன்? பொதுப் பணம் அடைக்கலப் பொருள். அதனைக் கேளாமல் கடனாக எடுக்கவும் நமக்கு உரிமை இல்லை. நாளை விளையாட்டுச் சங்கச் சந்தா உங்கள் கைக்கு வரும். அன்று அதற்கெனத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக் கட்டணத்துக்கும் அதைத் திறவாதீர்கள்.